பேச்சி சொன்ன அதிர்ஷ்டம்

அந்த ஆளு பேச்சைக் கொஞ்சம் சத்தங் கொறைச்சு வைக்கியளாம்மா? நிறுத்தச் சொல்லல. உங்க போனு, நீங்க கேக்கிய. எனக்குத்தான் காது கொள்ள மாட்டேங்கு. உழைச்சா மேல வரலாம், உழைச்சா மேல வரலாம்னு பஸ்ஸு பனவடலி தாண்டுததுக்குள்ள எட்டு தடவ சொல்லிட்டான். கோட்டு போட்டுக்கிட்டு, ஏசியில நின்னுக்கிட்டு. அவன் எங்க உழைச்சான்? வாயி உழைச்சிருக்கும்.

கோவிச்சுக்கிடாதீங்க. கோவம் உங்க மேல இல்ல. நேத்து மத்தியானத்துல இருந்து யாரு வாயத் தொறந்தாலும் எனக்கு இப்பிடித்தான் வருது. காலையில எங்க வீட்டுக்காரர் காப்பி நல்லாருக்குன்னு சொன்னாவ, அதுக்கும் ஏசிப்போட்டேன். பாவம், அவுக என்ன செய்வாவ.

நீங்க எதுவரைக்கும்? திருநவேலியா. நான் மானூர்ல இறங்கிருவேன். எம்பேரு சண்முகவடிவு. சங்கரன்கோவில்ல வடிவு நைட்டி எங்கன்னு கேட்டுப் பாருங்க, யாருன்னாலும் கையக் காட்டுவாவ. ஒரு காலத்துல நாப்பது மெஷினு ஓடுச்சு. இப்பவும் நாப்பது மெஷினு இருக்கு. ஓடுதது... சரி, அதை விடுங்க.

நேத்து எங்க ரெடிமேட் சங்கத்துல ஆண்டு விழா. கல்யாண மண்டபத்துல வச்சு. வருசா வருசம் ஒரு ஆளுக்குக் கேடயம் குடுப்பாவ. இந்த வருசம் பேச்சிக்கு. முத்துப்பேச்சி. யாருன்னு கேக்கியளா? எங்கிட்ட பதினோரு வருசம் வேல பாத்தவ. கத்திரி பிடிக்க எங்க கட்டிங் மேசையில படிச்சவ. அவளுக்குக் கேடயம், எனக்கு மூணாவது வரிசையில நாற்காலி. அதுகூடப் பரவால்லன்னு உக்காந்திருந்தேன். சால்வையப் போத்தி மைக்கைக் கையில குடுத்தாவ. அந்த நேரத்துல ஒரு மனுசி என்ன சொல்லணும்? உழைச்சேன், சாமி துணையா இருந்துச்சு, எல்லாருக்கும் நன்றி. அம்புட்டுத்தான. இவ மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, என்னைய நேராப் பாத்துச் சொல்லுதா:

"எனக்கு வாய்ச்ச பெரிய அதிர்ஷ்டம் வடிவக்காதான். அக்கா அன்னைக்கு என்னைய வீட்டுக்குப் போன்னு சொல்லலேன்னா, நான் இன்னைக்கும் அந்த மேசையிலயேதான் நின்னுட்டு இருப்பேன்."

மண்டபமே கைதட்டுச்சு. சிரிச்சுக்கிட்டே தட்டுதாவ. எனக்கு முன்வரிசையில இருந்த பட்டன் கடைக்காரரு திரும்பி என்னையப் பாத்து ஒரு கும்பிடு போடுதாரு. ஒருத்திய வேலைய விட்டு அனுப்புனதுக்குக் கும்பிடு. நான் எந்திரிச்சு வந்துட்டேன். பிரியாணிய எலையில வச்சுக்கிட்டு இருந்தாவ, கையைக்கூட நனைக்கல.

அதிர்ஷ்டமாம். என்னைய என்ன லாட்டரிச் சீட்டுன்னு நெனச்சாளா?

எனக்கு அந்தச் சொல்லே ஆகாது. இன்னைக்கு நேத்து இல்ல, இருபத்தஞ்சு வருசமா ஆகாது. நான் எப்பிடி மேல வந்தேன்னு கேளுங்க, உங்களுக்கே புரியும். எங்க வீட்டுக்காரர் தறிக்குப் போய்க்கிட்டு இருந்தாவ. தறி படுத்துப் போச்சு. எங்கிட்ட இருந்தது, கல்யாணத்துக்கு எங்கம்மா குடுத்த தையல் மெஷினு ஒண்ணே ஒண்ணு. அதுல ஜாக்கெட் தைச்சேன், பாவாடை தைச்சேன், தலகாணி உறை தைச்சேன். கண்ணுல தண்ணி வடிய வடியத் தைச்சேன். எதிர்த்த வீட்டுச் செண்பகம் குடும்பத்தோட பம்பாய்க்குப் போனா. போகும்போது அவ வச்சிருந்த மூணு மெஷினையும் எங்க வீட்டுல போட்டுட்டு, வந்து வாங்கிக்கிடுதேன்னு சொல்லிட்டுப் போனா. வரவே இல்ல. அங்கயே தங்கிட்டா. மெஷினு சும்மா கெடந்து துருப்பிடிக்கவான்னு நாலு பொம்பளைகள உக்கார வச்சு நைட்டி தைக்க ஆரம்பிச்சேன். மெஷினு கெடைச்சா மட்டும் போதுமா? அதை மிதிக்க ஆளு வேண்டாமா?

அப்புறம் ஒரு நாளு மதுரை போற வண்டி எங்க தெரு முக்குல நின்னு போச்சு. டயரோ என்னமோ. அதுல வந்த ஒருத்தரு தண்ணி கேட்டு எங்க வாசலுக்கு வந்தாரு. கொடியில புது நைட்டி காயுது. தைச்சதுல ஒண்ணை நனைச்சு, காயப்போட்டுப் பாத்துட்டுத்தான் வெளிய அனுப்பணும்கிறது எங்கம்மா சொல்லிக் குடுத்த பழக்கம். அவரு தண்ணியக் குடிச்சுக்கிட்டே அந்த நைட்டியத் தொட்டுத் தொட்டுப் பாக்காரு, மடிப்பப் பிரிச்சுத் தையலப் பாக்காரு. யாருன்னா, மதுரையில ஒரு பெரிய ஜவுளிக்கடைக்கு சரக்கு எடுக்குதவரு. முதல்ல ஐநூறு பீசு குடுங்கன்னாரு. அன்னையில இருந்து அந்தக் கடைக்கு நைட்டின்னா நாந்தான்.

இதுக்கு ஊருல என்ன சொன்னாவ தெரியுமா? வடிவுக்கு அதிர்ஷ்டம் பஸ்ஸுல வந்து இறங்குச்சாம். பஸ்ஸு நின்னது பஸ்ஸோட பாடு. தண்ணி குடுத்தது யாரு? அந்த நைட்டியத் தைச்சுக் கொடியில போட்டது யாரு? அன்னைக்கு எங்க தெருவுல பதினாலு வீடு. எல்லா வீட்டுலயும் கொடி இருந்துச்சு. எல்லா வீட்டுலயும் தண்ணியும் இருந்துச்சு.

பேச்சி அதுக்கு அஞ்சாறு வருசம் கழிச்சு வந்தா. இருபத்திமூணு வயசு. புருசன் லாரியில கிளீனரு, ஒட்டஞ்சத்திரம் பக்கத்துல வண்டி கவுந்து போய்ச் சேந்துட்டான். கையில பொம்பளப் புள்ள ஒண்ணு. தாலி அறுத்தவ, வெள்ளிக்கிழமையும் அதுவுமா கடை வாசல்ல வந்து நிக்காளேன்னு எங்க நாத்தனார் மூஞ்சியச் சுளிச்சாவ. நான் அப்பிடிப் பாக்கல. உள்ள வான்னு சொன்னேன். இதை நான் எங்கயும் மேடை போட்டுச் சொன்னதில்ல. சொல்லணுமா, வேண்டாமா, நீங்களே சொல்லுங்க.

நூல் வெட்டப் போட்டேன். ஒரு வருசத்துல கட்டிங்குக்கு வந்துட்டா. சும்மா சொல்லக்கூடாது, கை சுத்தம். எங்க மேசையில ஒரு ரோல் துணிக்கு நாப்பத்தெட்டு நைட்டிதான் விழும். எல்லாருக்கும் அப்பிடித்தான். இவ மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்துல, மாதிரி அட்டைகளத் துணி மேல அப்பிடி வச்சு, இப்பிடி வச்சு, தலகீழாத் திருப்பி வச்சுப் பாத்துக்கிட்டே கெடப்பா. சோத்தத் தின்னுட்டு வா, மூதின்னு நான் எத்தன தடவ ஏசியிருக்கேன். ஒரு மாசம் இப்பிடியே பண்ணி, ஒரு ரோலுக்கு அம்பத்தொண்ணு விழ வச்சுட்டா. மூணு நைட்டி கூட. துணி என் துணிதானம்மா. மேசை என் மேசைதான. நான் விட்டேன், அவ செஞ்சா.

அந்தப் பையி விசயமும் அப்பிடித்தான். பை வச்ச நைட்டி நீங்களும் போட்டிருப்பிய. எங்க பக்கம் பீடி சுத்துத பொம்பளைகள் ஜாஸ்தி. சாவியையும் போனையும் எங்க வைக்கன்னு தெரியாம இடுப்புல சொருகிக்கிட்டு அலையுவாவ. பேச்சி ஒரு நாளு மிச்சம் விழுந்த துண்டுத் துணியில சைடுல ஒரு பை வச்சுத் தைச்சுக் கொண்டுவந்து காட்டுனா. எனக்கு முதல்ல பிடிக்கல. நைட்டிக்குப் பை எதுக்கு, இது என்ன சட்டையான்னு கேட்டேன். அவ தன் கைக்காசுல துணி வாங்கி இருபது பீசு தைச்சு, அவ ஊரு பொம்பளைகளுக்குக் குடுத்து, அடுத்த வாரம் அவுக இன்னும் வேணும்னு கேட்ட பொறவுதான் நான் சரின்னு சொன்னேன். ஆனா சரின்னு சொன்னது யாரு? நான் வேண்டாம்னு சொல்லியிருந்தா? அந்தப் பை கேரளா வரைக்கும் போச்சு. வடிவு நைட்டின்னா பை வச்ச நைட்டின்னு பேராச்சு. நாலு மெஷினு நாப்பது ஆச்சு. அவளையும் நான் கைவிடல. தீவாளிக்கு எல்லாருக்கும் ஒரு சேலைன்னா அவளுக்கு மட்டும் ரெண்டு. கலரு நல்லதாப் பாத்து எடுப்பேன்.

இப்பிடி நல்லா போய்க்கிட்டு இருந்தது. அப்புறந்தான் அந்தத் தீவாளி வந்துச்சு.

எங்க தொழில்ல ஆடிப் பதினெட்டுக்கு முதல் வெட்டுன்னு ஒண்ணு உண்டு. தீவாளிச் சரக்குக்கு அன்னைக்குத்தான் கத்திரி வைப்போம். மேசைக்கு மஞ்ச குங்குமம் வச்சு, சூடம் காட்டி, மொதலாளி கையால முதல் துணிய வெட்டணும். எப்பவும் நாந்தான் வெட்டுவேன். அந்த வருசம் எனக்குச் சிக்குன்குனியா. விரலை மடக்க முடியல. கட்டில்ல கெடந்துக்கிட்டே, ஏளா பேச்சி, நீயே வெட்டுன்னு சொல்லிவிட்டேன். அவ வேண்டாம்க்கான்னுதான் சொன்னா. நீங்க எந்திரிச்சதும் வெட்டிக்கிடலாம், ரெண்டு நாளுதானன்னா. ரெண்டு நாளு தள்ளுனா சரக்கு பிந்திரும், நான் இதெல்லாம் பாக்கமாட்டேன், வெட்டுன்னு சொன்னேன். அது என் பெரிய மனசு. எந்த மொதலாளி அப்பிடிச் சொல்லுவா?

அந்த வருசம் துணியும் புது ஆளுகிட்ட எடுத்தது. வடக்க இருந்து வந்த ஒரு ஏஜெண்டு. மத்தவுகள விட விலை கொறச்சல். அரக்குக் கலரு, ஊதாக் கலரு, பெரிய பெரிய பூவு போட்டது. பாத்தாலே கண்ணப் பறிக்கும். கட்டில்ல கெடந்துக்கிட்டே தொட்டுப் பாத்து, மொத்தத்தையும் எடுத்துருங்கன்னு நாந்தான் சொன்னேன். நாலு நாளு கழிச்சுப் பேச்சி ஒரு பிளாஸ்டிக் வாளியத் தூக்கிக்கிட்டு கட்டில் பக்கம் வந்து நின்னா. அரக்குத் துண்டு ஒண்ணை நனைச்சு வச்சிருக்கா. தண்ணி செவசெவன்னு இருக்கு. அக்கா, இது நிக்காது, ஏஜெண்டுகிட்ட திருப்பிக் குடுத்துரலாம்னா. எனக்குக் கையும் காலும் விண்ணு விண்ணுன்னு வலிக்கு. மதுரைக்காரரு தினமும் ரெண்டு தடவ போன் பண்ணுதாரு. முதல் தண்ணியில எந்தத் துணியும் கொஞ்சம் விடத்தான் செய்யும், போய் வேலையப் பாருன்னு சொல்லிட்டேன். அவ அந்த வாளிய அங்கனயே வச்சுட்டுப் போயிட்டா. சாயங்காலம் எங்க வீட்டுக்காரர்தான் எடுத்து ஊத்துனாவ.

தீவாளி முடிஞ்சு ஒரு வாரம். பொம்பளைகள் எல்லாரும் அதே வாரத்துலயா தொவைக்கணும்? வேட்டியில ஏறிருச்சு, பள்ளிக்கூடத்துப் புள்ளைக சட்டையில ஏறிருச்சுன்னு கடை கடையா வந்து நிக்காவ. மதுரைக்காரரு ரெண்டு லாரியில திருப்பி அனுப்பிட்டாரு. வித்தது போக மிச்சம், தொவைச்சுக் கொண்டுவந்து குடுத்தது, எல்லாம். மழை நேரம் வேற. மூட்டைகளச் செவத்தோரமா அடுக்கி வச்சிருக்கோம், ஒவ்வொரு மூட்டையில இருந்தும் செவப்புத் தண்ணி வடிஞ்சு வாசல் வரைக்கும் ஓடுது. அதைத் தாண்டித்தான் ஆளுக உள்ள வரணும். நான் சேலைய முழங்காலு வரைக்கும் தூக்கிக்கிட்டு நடந்தேன். அதுக்குப் பொறவு மதுரைக் கடை எங்க போனை எடுக்கவே இல்ல.

நேரம் சரியில்லேன்னா அப்பிடித்தான்மா. என்ன உழைச்சு என்ன?

அந்த வாரம் எங்க நாத்தனார் வந்தாவ. வந்ததும் கேட்ட முதல் கேள்வி, இந்த வருசம் முதல் வெட்டு யாரு கை? மேசையில இருந்த பிள்ளைகள் சொல்லிருச்சு. நாத்தனார் என்னைய ஒரு பார்வை பாத்தாவ, அம்புட்டுத்தான். ஜோசியருகிட்ட போனோம். அவரும் கையப் பத்தித்தான் கேட்டாரு. அப்புறம் டெய்லருமாரு கேக்க ஆரம்பிச்சாவ, நூல் கடைக்காரன் கேட்டான். நானா சொன்னேன்? ஊரு சொல்லுச்சு. எனக்கு அதுலயெல்லாம் நம்பிக்கை கெடையாதும்மா. நான் உழைப்ப நம்புதவ. இன்னைக்குக்கூட ஏழரை வண்டிக்கே வந்திருப்பேன், திங்கக்கிழமை ஏழரைக்கு ராகுகாலம்னு ஒன்பது தாண்டட்டும்னு இருந்தேன். அது நம்பிக்கை இல்ல, பழக்கம்.

பேச்சிய நான் ஒரு சுடுசொல்லு சொல்லல. இதை நீங்க நல்லா மனசுல வச்சுக்கிடணும். கூப்பிட்டு, எதுக்க உக்கார வச்சு, காப்பி குடுத்து, பையத்தான் சொன்னேன். "ஏளா, ஒன் மேல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது. நமக்கு நேரம் சரியில்ல. கொஞ்ச நாளைக்கு நீ கத்திரியத் தொட வேண்டாம். வீட்டுக்குப் போ. நானே சொல்லிவிடுதேன்."

அவ காப்பியக் குடிக்கல. என் மொகத்தையே பாத்தா.

"யக்கா, நான் நனைச்சுக் காட்டுனேம்லா."

அம்புட்டுத்தான் கேட்டா. ஒரே ஒரு தடவ. துணி வேற, நேரம் வேற. அதை அவகிட்ட எப்பிடிப் பிரிச்சுச் சொல்ல? நான் சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். அவ எந்திரிச்சுப் போய், மேசையில கெடந்த துண்டையும் நூல் குப்பையையும் கூட்டி அள்ளினா. மாதிரி அட்டைகள அளவு அளவா அடுக்கி ஆணியில மாட்டுனா. அப்புறம் செருப்ப மாட்டிக்கிட்டுப் போயிட்டா. அழுதிருந்தா நான் போகவே விட்டுருக்க மாட்டேம்மா. சத்தியமா விட்டுருக்க மாட்டேன். அழல. அதுதான் திமிருங்கேன்.

சொல்லிவிடுதேன்னு சொன்னேன்லா, சொல்லி விடத்தான் நெனச்சேன். தை பிறக்கட்டும்னு இருந்தேன். அப்புறம் மாசி. அப்புறம் வேற ஆளு கட்டிங்குக்கு வந்தான். ஆம்பள. ரோலுக்கு நாப்பத்தாறுதான் வெட்டுதான். கேட்டா முறைக்கான்.

அவளுக்கு மட்டும் எல்லாம் தானா வந்து விழுந்துச்சு பாருங்க. எனக்கு எரியுததே அதுதான். ஒரு பழைய மெஷின வச்சு மானூர்ல ஒரு தகரக் கொட்டகையில உக்காந்திருந்தா. ரெண்டு வருசம் யாரும் சீந்தல. ஒரு மொபெட்டுல பின்னாடி மூட்டையக் கட்டிக்கிட்டு, தேவர்குளம், வன்னிக்கோனேந்தல்னு காட்டு வழியெல்லாம் ஊரு ஊராத் திரிஞ்சு வித்தா. சித்திரை வெயிலுல எதுக்க பாத்தேன் ஒரு நாளு. மொகமெல்லாம் கரிக்கட்டையா இருந்துச்சு. என்னையப் பாத்து வண்டிய நிறுத்துனா, நான் காருக்குள்ள இருந்தேன், டிரைவரு நிறுத்தல. அப்புறம் கொரோனா வந்துச்சு. ஊரெல்லாம் அடைச்சுக் கெடக்கு, இவளுக்கு மாஸ்க் ஆர்டரு. பஞ்சாயத்துல இருந்து வந்து கேட்டாவளாம். எனக்கு நாப்பது மெஷினு இருக்கு, எங்கிட்ட எவனாச்சும் கேட்டானா? சரி, கேட்டிருந்தாலும் நான் அப்போ மெஷினையெல்லாம் மூடிப் போட்டு வச்சிருந்தேன். நேரம் மாறட்டும்னு. இவ பாத்தா அவ ஊரு பொம்பளைகள் பத்துப் பேரு வீட்டுக்கு மெஷின வாடகைக்கு எடுத்துப் போட்டு, துணிய வெட்டி வெட்டி வாசல்ல கொண்டுபோய்க் குடுத்து, திரும்ப வாங்கி... அதை விடுங்க. நோய் வந்து ஒருத்தி மேல வந்தான்னா அதுக்குப் பேரு என்ன? அதிர்ஷ்டந்தான. வேற என்ன?

மாஸ்க்குல பழகுன கையி, பள்ளிக்கூடத்து யூனிபாரம் பிடிச்சுட்டா. இப்போ அறுவது மெஷினாம். அத்தனையும் பொம்பளைக. பாதிப் பேரு புருசன் இல்லாதவளுகளாம். அவளுகள வச்சுத்தான் ஆடிப் பதினெட்டுக்கு முதல் வெட்டே வெட்டுவாளாம். வருசத்துக்கு ஒருத்தி கையால. எனக்குக் குத்திக் காட்டத்தான செய்யுதா? சொல்லுங்க.

எங்கிட்ட இப்போ ஓடுதது ஒன்பது மெஷினு. காரையும் குடுத்தாச்சு. நான் உழைக்கலையா? இப்பவும் காலையில ஆறு மணிக்குக் கடையத் தொறக்கேன். தொறந்து உக்காந்திருக்கேன்.

என்னம்மா? ஏன் மானூருக்குப் போறேன்னா கேட்டிய? கேக்க வேண்டிய கேள்விதான். நேத்து நான் சாப்பிடாம எந்திரிச்சு வந்தேன்லா, மண்டபத்து கேட்டு வரைக்கும் அவ பின்னாலயே ஓடி வந்தா. சால்வையக்கூடக் கழத்தல. யக்கா, யக்கான்னு. நான் நின்னேன். நிக்காம எப்பிடிப் போக, எல்லாரும் பாக்காவ. ஏட்டி, அத்தன பேரு முன்னால என்னைய எதுக்கு அப்பிடிச் சொன்னன்னு கேட்டேன். அவ நிதானமாச் சொல்லுதா:

"உழைச்சேன்னு சொன்னா, அப்போ வடிவக்காகிட்ட பதினோரு வருசம் என்ன செஞ்ச, பொறவு ஏன் அனுப்புனாவன்னு யாராச்சும் எந்திரிச்சுக் கேப்பாவ. நான் பதில் சொல்லணும். அதிர்ஷ்டம்னு சொன்னா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாவக்கா."

கேட்டியளா? என்னையக் காப்பாத்துதாளாம். எனக்கு அவ மறைப்பு கட்டுதாளாம். நான் என்ன களவாணியா, ஒளிஞ்சுக்கிட? நேத்து ராத்திரி முழுக்க ஒறங்கல. புரண்டு புரண்டு படுக்கேன், அந்தச் சொல்லு காதுக்குள்ளயே கெடக்கு. அவ அதிர்ஷ்டம்னு சொன்னது குத்துச்சா, உழைப்புன்னு சொல்லாம விட்டது குத்துச்சான்னு எனக்கே பிரிச்சுப் பாக்கத் தெரியல. அதோட விட்டாளா? யூனிபாரம் ஆர்டரு குவிஞ்சு கெடக்காம், அவ மெஷினு பத்தாதாம். துணிய அவ வெட்டி அனுப்புவாளாம், தைச்சு மட்டும் குடுங்கக்கா, உங்க தையலு மாதிரி இந்தப் பக்கம் எவ தைப்பாங்கா. எனக்கு வேல குடுக்கா. எனக்கு.

நாலு கேள்வி நறுக்குன்னு கேட்டுட்டு வரணும்னுதான் கெளம்பினேன். எங்க வீட்டுக்காரர்தான் கெளம்பும்போது இந்தப் பையக் கையில குடுத்தாவ. ஆமா, சாம்பிளுதான். ராத்திரி நான் ஒறங்காமக் கெடந்தேன்லா, அவுக எந்திரிச்சு உக்காந்து சட்டை நாலும் கால்சட்டை நாலும் இஸ்திரி போட்டு மடிச்சு வச்சிருக்காவ. தைச்சது எல்லாம் நாந்தான், போன வாரமே. சும்மா கை பழகட்டுமேன்னு தைச்சேன். யூனிபாரம் துணியா இருந்துச்சு, அவ்வளவுதான்.

இன்னும் மானூர் வரலையா? எம்புட்டு நேரமா இந்த வண்டி உருட்டிக்கிட்டே இருக்கு? எனக்கு இடுப்பே கழண்டு போச்சு. ஏ தம்பி, கண்டக்டர் தம்பி, சங்கரன்கோவில்ல இருந்து மானூருக்கு எம்புட்டு நேரம்? ஒண்ணேகால் மணி நேரமா?

ஒண்ணேகால் மணி நேரமாம்மா. போக ஒண்ணேகால், வர ஒண்ணேகால். நான் எப்பவும் காருல கண்ண மூடிக்கிட்டுப் போறவ, எனக்கு எங்க தெரியும். அவ காலையில எட்டு அடிக்கதுக்குள்ள மேசை முன்னால நிப்பா. பதினோரு வருசமும் நிப்பா. அப்போ எத்தன மணிக்கு எந்திரிச்சிருப்பா? புள்ளைய யாருகிட்ட விட்டுட்டு வந்திருப்பா? நான் கேக்கவே இல்லியே. எங்க இருந்து வாரன்னு கேட்டிருக்கேன், மானூர்னு சொல்லியிருக்கா, அம்புட்டுத்தான். மானூர் இம்புட்டுத் தூரம்னு ஒரு நாளாவது வாயத் தொறந்து சொன்னாளா அவ? சொல்ல வேண்டியதுதான? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தா?

சரி, சரி, வேகம் கொறையுது. அந்தப் பைய எடுத்து இப்பிடிக் குடுங்கம்மா. பாத்து, மடிப்பு கலையாம.